பூளவாடிக் குழி

போன வாரம் எங்களிடம் துணி வாங்கும் ஒரு அமெரிக்க பையரிடமிருந்து எக்செல் ஷீட் வந்தது. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரின் ஆர்டரைக் கவனிப்பவராக இருப்பவர்களுக்குப் பழகிய தலைவலி. மாதம் எத்தனை யூனிட் கரண்ட், அதில் காற்றாலை எவ்வளவு, சோலார் எவ்வளவு, பாய்லருக்கு என்ன எரிக்கிறீர்கள், சாயப்பட்டறைத் தண்ணீரில் எவ்வளவு திரும்ப வருகிறது என்று இறங்கிக்கொண்டே போகிறது. புவி சூடாவதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டு அந்த நாடு போய்விட்டது. அந்த நாட்டுக் கடைக்காரர் ஒரு கேள்வியைக்கூடக் குறைக்கவில்லை.

பக்கத்து சீட்டுத் தம்பி சிரித்தான். “அவங்க கவர்மெண்டே வேண்டாம்னு போயிருச்சுங்ண்ணா, நாம எதுக்கு உக்காந்து ரொப்பிட்டு இருக்கோம்?”

நியாயமான கேள்விதான். 2017-ல் விலகுகிறோம் என்று டிரம்ப் அறிவித்தார். 2020 நவம்பரில் விலகினார்கள். 2021 பிப்ரவரியில் பைடன் திரும்பச் சேர்த்தார். 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே டிரம்ப் மறுபடி கையெழுத்துப் போட்டார், 2026 ஜனவரியில் அது நடப்புக்கு வந்தது. உள்ளே வெளியே ஆட்டம்.

ஆனால் இதைச் சொல்லிச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? என் தாய்மாமா 2004-ல் உடுமலை அருகே பூளவாடிப் பக்கம் ஒரு காத்தாடி போட்டார், காற்றாலையைத்தான் அப்படிச் சொல்வோம், 250 கிலோவாட். நன்றாக ஓடியது. 2011-ல் பக்கத்து நிலத்தையும் வாங்கி இரண்டாவதற்குக் குழி வெட்டிக் கம்பியும் கட்டியாச்சு. 2012 ஏப்ரலில், காற்றாலைக்கு இருந்த விரைவுத் தேய்மானச் சலுகையை மத்திய அரசு நிறுத்தியது. போட்ட முதலில் 80 சதவீதத்தை முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வரியை மிச்சம் பிடிக்கும் வழி அது. நம் மில்காரர்கள் பலரும் காத்தாடி வாங்கியது இந்தக் கணக்கில்தான், மறைப்பானேன்? 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள். 2017-ல் 40 சதவீதமாக வெட்டினார்கள். கொடுத்த நேரத்தில் மாமா கையில் பணமில்லை, பணம் புரண்ட நேரத்தில் சலுகை பாதியாகிவிட்டது. குழி அப்படியே கிடக்கிறது. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும், ஆடு குடிக்கும். கம்பிகள் துருவேறி ஆளுயரத்துக்கு நிற்கின்றன.

கொள்கை மாறினால் பெரிய ஆள் ஆடிட்டரை வைத்துச் சமாளித்துக்கொள்கிறான். மாமா மாதிரி நடுவில் இருப்பவர்கள்தான் குழியோடு நிற்கிறார்கள்.

நாட்டுப் பாதுகாப்பு என்றதும் டிவியில் எல்லையைக் காட்டுகிறார்கள். 2012-ல் எங்களுக்குக் கரண்ட்தான் பாதுகாப்பு. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வெட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே படுத்த, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் எத்தனையோ. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்த மாதங்களில் வெட்டு தளர்ந்தது, காற்று நின்றதும் பழைய கதை. அப்புறம் 2016. வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. அடுத்த கோடையில் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், அவர் தோட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது. டேங்கர் தண்ணீரை மரத்துக்கு ரெண்டு குடம் என்று ஊற்றினோம். அமுச்சி ஒவ்வொரு தென்னையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார். கடைசி வரிசைக்கு வந்ததும், “இதுக்கு ஊத்தாதீங்க கண்ணு, இது போயிருச்சு” என்றார். அந்த வருடம் இந்தியா பாரிஸ் ஒப்பந்தத்தில் இருந்தது, அமெரிக்காவும் இருந்தது.

அதனால் ஒப்பந்தம் வீண் என்று சொல்ல வரவில்லை. அதற்காகக் காத்திருக்கவும் முடியாது என்கிறேன். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. கைக்காசு கொஞ்சம், மீதி பேங்க் கடன். அது சுற்றுவது ஓடந்துறையில் அல்ல, காற்று இருக்கும் உடுமலைப் பக்கம் மைவாடியில். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். பாரிஸுக்கு முந்தைய கியோட்டோ பருவநிலை ஒப்பந்தம் வேண்டாம் என்று அமெரிக்கா 2001-லேயே ஒதுங்கிவிட்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டா ஒரு கிராம ஊராட்சி கடன் வாங்கியது?

மாநில அரசையும் சும்மா விட முடியாது. கூரை சோலாருக்கு, மின்வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்கென்று நெட்வொர்க் கட்டணம் போட்டார்கள், சிறு தொழில்கூடங்கள் கத்திய பிறகு குறைத்தார்கள். 20 வருடம் ஆன காத்தாடிகளை மாற்றவும் புதுப்பிக்கவும் 2024-ல் புதுக் கொள்கை வந்தது, கூடவே மேம்பாட்டுக் கட்டணமும் வந்தது. நான் கேட்பது மானியம் இல்லை. மெஷினை நட்ட நாளில் என்ன விதியோ அதே விதி அந்த மெஷின் ஓடும் வரைக்கும் இருக்கட்டும். டெல்லியோ சென்னையோ, புது விதியைப் புது மெஷினுக்குப் போடுங்கள்.

ஷீட்டைத் தம்பியே ரொப்பி அனுப்பிவிட்டான். நேற்று ராத்திரி மாமா கூப்பிட்டார். பழைய காத்தாடியை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று போடலாம் என்று யாரோ கம்பெனி ஆள் வந்து பேசினாராம். “ரூல்ஸ் என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லு மாப்பிள்ளை. இல்லைன்னா அந்தக் குழிய மூடிப்போட்டு சோளம் வெதைச்சுக்கறேன்.”

கொஞ்ச நாளைக்கு மூடாதீங்க மாமா என்றேன்.