ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்

போன இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். நாகர்கோவிலில் சொந்த வீட்டுக்கு ஆசாரிபள்ளமா, தேரேகால்புதூரா? என் கணவர் மஸ்கட்டில் இருப்பதால் பேச்சு முழுக்க ராத்திரி பத்து மணிக்கு மேல், வீடியோ காலில். மகள் வரும் ஜூனில் ஆறாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. வடசேரியில் இருக்கும் வாடகை வீட்டை அதற்குள் காலி செய்ய வேண்டும். ஒருவழியாக முடிவெடுத்துவிட்டோம். இதே கேள்வியோடு தெரிந்தவர்கள் மூன்று பேர் என்னிடம் பேசியதால் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

தேரேகால்புதூர் பக்கம் நாங்கள் பார்த்தது புது மனை. 6 சென்ட், அகலமான சாலை, வரிசையாக விளக்குக் கம்பம். சென்டுக்கு 4.5 லட்சம் சொன்னார்கள். நல்ல பெயருள்ள சிபிஎஸ்இ பள்ளி வேன் வாசலுக்கே வரும் என்றார் புரோக்கர் அண்ணன். ஆசாரிபள்ளம் பக்கம் பார்த்தது 4 சென்டில் பழைய வீடு. முன்பக்கம் கான்கிரீட், பின்பக்கம் ஓடு. கார் உள்ளே வராத சந்து. சென்டுக்கு 7 லட்சம். தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் புது மனைதான் லாபம். அவரும் அதைத்தான் சொன்னார், என் அம்மாவும் அதைத்தான் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் அந்த வேன் என்ற வார்த்தை தொண்டையில் நின்றது.

மகள் இப்போது படிக்கும் பள்ளி எங்கள் வீட்டிலிருந்து 9 கிலோமீட்டர். பேரைச் சொல்லவில்லை, அது தேவையும் இல்லை. காலை 6.50க்கு வேன் தெருமுனைக்கு வரும். ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சேர 8.30 ஆகும். சாயங்காலம் 3.45க்குக் கிளம்பினால் 5.05க்கு இறங்குவாள். ஆக, 9 கிலோமீட்டர் பள்ளிக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். வருஷத்துக்கு 200 பள்ளி நாள் என்று வைத்தால் 600 மணி நேரம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வருஷம் இப்படித்தான் போனது.

அவளுக்கு வேன் ஒத்துக்கொள்ளாது. பார்வதிபுரம் நெரிசலில் வண்டி நின்று நின்று போகும்போது வாந்தி வந்துவிடும். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பினஃபோர் பாக்கெட்டில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வாள். தினமும் முகர்ந்து முகர்ந்து, அழுத்தி அழுத்தி, வெள்ளிக்கிழமை துணி துவைக்க எடுக்கும்போது அது பழுப்பாகி, தோல் தேய்ந்து, கோலிக்குண்டு மாதிரி இறுகிக் கிடக்கும். திங்கள்கிழமைக்குப் புதுப் பழம். ஐந்து வருஷமாக நான் வாராவாரம் எலுமிச்சம்பழம் வாங்கித் தந்திருக்கிறேனே தவிர, ஒரு நாளாவது இந்த வேன் எதற்கு என்று யோசிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமா? 1809இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கியதிலிருந்து பார்த்தால் இருநூறு வருஷத்துக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இது வேன் ஏறிப் போய் வாங்கிய பெயர் இல்லை. நம் அம்மாக்களும் பாட்டிகளும் வரப்பிலும் சாலையிலும் நடந்து போய்ப் படித்து வாங்கிய பெயர்.

வெளிநாடுகளில் சில இடங்களில், எந்தத் தெருவில் வீடோ அந்த எல்லைக்குள் இருக்கும் பள்ளியில்தான் இடம் என்று அவர் சொல்வார். நமக்கு அப்படிக் கிடையாது. யாரும் எங்கேயும் சேர்க்கலாம். அதனால்தான் வீட்டை ஒரு மூலையில் வாங்கிவிட்டுப் பிள்ளையை மறு மூலைக்கு அனுப்புகிறோம் என்று நினைக்கிறேன். வீட்டுத் தூரம் முக்கியமாக வருவது ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் கட்டணமில்லாமல் கிடைக்கும் 25 சதவீத இடத்துக்கு. அதற்கு 1 கிலோமீட்டர் தூரத்தைப் பார்ப்பார்கள், எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோதான் சேர முடியும். மகனுக்கு இதை நம்பிக் கொஞ்ச நாள் அலைந்தேன். ஆனால் சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு ஆர்டிஇ பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. ஆர்டிஇ இருக்கிறதே என்று ஒரு பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பவர்கள், முதலில் அது சிறுபான்மைப் பள்ளியா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு. மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் வந்தது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒன்பதில் மாற்றிக்கொள்ளலாம், பதினொன்றில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தால் நடக்காது. ஆர்டிஇ-யில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நம் ஊரில் இதுதான் பலருக்கும் குழப்பம். சம்பளம் அரசு கொடுக்கிறதே, அப்போது அது அரசுப் பள்ளிதானே என்கிறார்கள். இல்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக ஒதுக்கீட்டைக் கணக்குப் பண்ணித்தான் மகளைச் சேர்க்கிறேன் என்று இல்லை. பதினொரு வயதுப் பிள்ளையை இப்போதே டாக்டராக்கிப் பார்க்கும் ஆசை எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு கதவு இந்த ஜூனில் மூடுகிறது என்றால் அது தெரிந்து மூடட்டும்.

மனை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது தடவை நானும் அம்மாவும் மட்டும் புரோக்கர் இல்லாமல் போனோம். முந்தின நாள் நல்ல மழை. பக்கத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“இது வயலாக்கும் மக்ளே. கன்னிப்பூவும் கும்பப்பூவும் நான் அறுத்த வயலு. மண்ணடிச்சிப் பொக்கிட்டா வயலு வயலு இல்லாம ஆயிருமா?” என்றார். கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய் ஒரு பழைய மோட்டார் ரூமைக் காட்டினார். சுவரில் என் முழங்காலுக்கு மேலே செம்மண் நிறத்தில் ஒரு கோடு, அளவுகோல் வைத்து இழுத்தது போல. 2021 நவம்பர் மழையில் தண்ணீர் நின்ற கோடு. இப்போது அந்த மோட்டார் ரூமுக்கு மூன்று பக்கமும் மனைக் கல் நட்டிருக்கிறார்கள்.

ஊர்ப் பெயரிலேயே ‘கால்’ இருக்கிறது, கால் என்றால் வாய்க்கால். நாஞ்சில் நாட்டு வயல்கள் தண்ணீர் வந்து நிற்க வேண்டிய இடங்கள். விளை என்று முடியும் இடங்கள் பெரும்பாலும் மேட்டுநிலம், தென்னையும் மாவும் நின்ற மண். தேரேகால்புதூர் முழுக்க இப்படி என்று நான் சொல்லவில்லை, அங்கே தலைமுறை தலைமுறையாக மேட்டில் வீடு கட்டி நன்றாக இருப்பவர்கள் ஏராளம். நான் சொல்வது வயலை நிரப்பிப் போட்ட மனைகளை மட்டும். பட்டாவில் நஞ்சை என்று இருக்கிறதா பாருங்கள், மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள், பக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் கேளுங்கள். சோறு போட்ட நிலத்தை இப்படிக் கூறுபோடுவதில் எனக்குத் தனியாக வருத்தம் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆசாரிபள்ளம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. லீவு போட்டுவிட்டு ஒரு நாள் போய் நின்றேன். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறார்கள், ஒரு இடம் மட்டும் காலி என்று தலைமை ஆசிரியை மறைக்காமல் சொன்னார். ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது. பெண் பிள்ளைகள் கழிப்பறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனார். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. இப்போது கட்டணம் கட்டிப் படிக்கவைக்கும் பள்ளியில் இதைக் கேட்க எனக்கு ஒரு நாளும் தைரியம் வந்ததில்லை. வரவேற்பறையைத் தாண்டி விட மாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மைதானத்தில் பாதி புல் மண்டிக் கிடக்கிறது. கம்ப்யூட்டர்கள் பழசு. சொந்தக்காரர்கள் சிலர் “காசு இருந்தும் ஏன்?” என்று கேட்பார்கள், கேட்கத் தொடங்கியும் விட்டார்கள். மகனுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆரம்பப் பள்ளி, அங்கே காலைச் சாப்பாடும் போடுகிறார்கள். அவன் வீட்டில் இட்லியைத் தொடவே மாட்டான், கூட்டத்தில் உட்கார்ந்தால் சாப்பிடுவான் என்பது என் நம்பிக்கை. எனக்கு வேலைக்குப் போக டவுன் பஸ் இருக்கிறது, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் இருப்பதும் ஒரு தெம்பு.

போன சனிக்கிழமை மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை நடந்து பார்த்தோம். நான் பத்தடி பின்னால், அவள் முன்னால். தேங்காய் எண்ணெய் ஆட்டும் மில் முன்னால் நின்று கொப்பரை வாசனை பிடித்தாள். ஒரு கடையில் தொங்கிய மட்டிப்பழக் குலையை எண்ணினாள். சாலையைக் கடக்கும் இடத்தில் திரும்பி என்னைப் பார்க்காமல், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தானே கடந்தாள். 14 நிமிடம். அதிலும் நின்றது மூன்று நிமிடம் இருக்கும்.

அன்று ராத்திரி அவரிடம் அவளே பேசினாள். “அப்பா, நான் எட்டேகாலுக்கு எந்திரிச்சாலும் போயிரலாம்” என்றாள். எட்டேகால் வரை தூங்கவிட மாட்டேன், அது வேறு. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “சரி, அட்வான்ஸ் கொடுத்திரு” என்றார்.

கொடுத்தாயிற்று. வைகாசியில் பால்காய்ப்பு, தேதி முடிவானதும் சொல்கிறேன். வருகிறவர்கள் வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டுச் சந்துக்குள் கொஞ்சம் நடந்து வர வேண்டியிருக்கும்.