லண்டன் பை (pie) கடைகள் எல்லாம் மூடப்படவில்லை

மாவு ஓட்டுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் பண்டம்தான் பை. "லண்டனில் பழைய பை கடைகள் எல்லாம் போய்விட்டன, இனி பப்தான் (மதுக்கூடம்) கதி" என்று சிலர் சொல்வது சரியல்ல. பல கடைகள் மூடியது உண்மை. ஆனால் டவர் பிரிட்ஜ் ரோட்டில் 1902 முதல் எம். மான்ஸி இருக்கிறது, 1890இல் தொடங்கிய காடார்ட்ஸ் இப்போது கிரீனிச்சில் இருக்கிறது.

பைக்குள் விலாங்கு மீன் இருக்கும் என்பதும் தப்பு. உள்ளே கொத்திய மாட்டிறைச்சி. விலாங்கைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மேலே ஊற்றும் பச்சைக் குழம்பு பார்ஸ்லி என்ற கொத்தமல்லி போன்ற கீரையில் செய்வது. அந்தக் காலத்தில் விலாங்கு வெந்த நீரில் காய்ச்சினார்கள், குழப்பம் அதனால் வந்திருக்கலாம். மிளகாய் வினிகரைத் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் நம் நாக்குக்குச் சப்பென்றிருக்கும்.

பப்பில் கேட்டால் பல இடங்களில் கிண்ணத்துக் குழம்பின்மேல் மாவு மூடி மட்டும் வைத்துத் தருவார்கள். அதை நான் பை வகையில் சேர்ப்பதில்லை. அப்புறம், மதியமே போங்கள். சில கடைகள் சீக்கிரம் மூடிவிடும்.