பிரேக் ஆயிலுக்கும் வயசாகும்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களோடு உட்கார்ந்தால் டயர், சஸ்பென்ஷன், வின்ச் என்று பொழுது போவதே தெரியாது. "பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டால் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "லெவல் சரியாத்தான் இருக்கு." நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன். லெவல் சரியாக இருப்பது வேறு, ஆயில் நன்றாக இருப்பது வேறு என்று எனக்குப் புரிந்தது ஒரு மலை இறக்கத்தில்.

வண்டி நிறைய ஆட்கள், கேரியரில் சாமான். தேர்டு கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. தரை வரைக்கும் போனது. மூன்று நான்கு தடவை வேகமாகப் பம்ப் செய்ததும் லேசாகப் பிடித்தது. செகண்ட், ஃபர்ஸ்ட் என்று கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரத்தில் நிறுத்தினேன். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது.

அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக நிற்கிறது! இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். ஆறிய வண்டியை எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் பிரேக் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

நடந்தது இதுதான். நாம் ஊற்றும் டாட் 3, டாட் 4 ரக பிரேக் ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் ரிசர்வாயர் (ஆயில் ஊற்றும் டப்பா) மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. வீலில் பேடை டிஸ்க்கோடு சேர்த்து அமுக்கும் காலிபர் சூடாகி, அதில் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம் காலின் அழுத்தம் முழுவதும் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். (பேட் சூடேறிப் பிடிக்காமல் போவது வேறு. அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது.)

அதனால் பிரேக் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காதீர்கள், காலண்டரைப் பாருங்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டியிலும் ஈரம் ஏறும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதே என் வழக்கம். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, தெளிவாகத் தெரிகிற ஆயிலிலும் தண்ணீர் இருக்கலாம். குறைந்துபோன அளவுக்கு மட்டும் புது ஆயிலை மேலே ஊற்றி நிரப்புவதைப் பராமரிப்பு என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பேட் தேயத் தேய லெவல் இறங்குவது இயல்பு. அதையும் மீறி இறங்கினால் எங்கோ கசிகிறது.

பழைய வண்டியில் மாற்றும்போது அவசரம் கூடாது. பிளீடர் நிப்பிள் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டு, மறுநாள் ரிங் ஸ்பேனர் போட்டு இம்மி இம்மியாக முன்னும் பின்னும் திருப்புங்கள். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும், பலத்தைக் காட்டினால் நிப்பிள் உடைந்தே போகும். இன்னொன்று, பெடலைத் தரை வரைக்கும் மிதித்து ஏர் எடுக்காதீர்கள். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், தினசரி ஓட்டத்தில் ரப்பர் சீல் எட்டாத கடைசிப் பகுதி துரு படிந்து சொரசொரப்பாக இருக்கலாம். சீல் அங்கே உரசினால் கிழிந்துவிடும். நான் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுவேன்.

என் வண்டியில் பின் வீலிலிருந்து டியூப் வழியாக முதலில் வந்தது கருத்த பழுப்பு நிறம். பாட்டில் அடியில் மணல் போல வண்டல் படிந்தது. டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரின் துருதான் அது. பின் ஆக்சிலுக்கு மேலே லோடுக்கு ஏற்ப பிரஷரை மாற்றும் வால்வு உள்ள வண்டிகளில், சிலவற்றில் அதற்கும் தனி நிப்பிள் இருக்கும். அதை விட்டுவிட்டால் பழைய ஆயில் அங்கேயே தங்கிவிடும். எந்த வீலில் ஆரம்பிப்பது என்பதற்கு உங்கள் வண்டியின் மேனுவலைப் பாருங்கள்.

டாட் 5 என்பது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கேனைத் திறக்கும் முன் இரண்டு தடவை படியுங்கள். போன தடவை மிச்சம் வைத்த கேன் வேண்டாம், அதுவும் இந்நேரம் ஈரம் குடித்திருக்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

கிளட்ச் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) என்றால் அதிலும் பெரும்பாலும் இதே ஆயில்தான். பிரேக்கை முடித்த கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.