லிங்கன் தோற்றுக்கொண்டே இருந்தவரா?

"நின்ற தேர்தலிலெல்லாம் தோற்ற ஆபிரகாம் லிங்கன் கடைசியில் அதிபரானார்" என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. பட்டியலைத் தொகுத்தவர் வெற்றிகளை வசதியாக விட்டுவிட்டார்.

1832இல் இல்லினாய் மாநில சட்டமன்றத் தேர்தலில் தோற்றது உண்மை. ஆனால் 1834, 1836, 1838, 1840 என அடுத்தடுத்து நான்கு முறை சங்கமன் மாவட்டத்திலிருந்து வென்றார். சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே சட்டம் படித்து 1836இல் வழக்கறிஞர் உரிமம் பெற்றார். 1846 தேர்தலில் வென்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போனார். 1848இல் தோற்றதாகச் சொல்வதும் பிழை. அவர் அப்போது மறுபடி போட்டியிடவே இல்லை. அவர் அப்போது இருந்த விக் கட்சியினர் அந்தத் தொகுதியை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

1855, 1858இல் செனட் எனும் நாடாளுமன்ற மேலவைக்கான தோல்விகள் நிஜம்தான். ஆனால் அன்று செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநில சட்டமன்றம், மக்கள் அல்ல. மக்கள் நேரடியாக வாக்களித்து அவரைத் தோற்கடித்தது 1832இல் மட்டுமே. இதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

தொழிலிலும் அவர் ஒன்றும் நொடித்துப்போன வக்கீல் இல்லை. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்காக வாதாடிய ஒரே வழக்கில் 5,000 டாலர் கட்டணம். அதையும் வழக்குப் போட்டுத்தான் வசூலித்தார்!