டேங்கர் லாரியின் பின்னால் உள்ள நாலு இலக்கம்

டேங்கருக்குப் பின்னால் போகும்போது "ஒலி எழுப்பவும்" என்பதைத் தவறாமல் படிக்கிறோம். பக்கத்திலேயே இருக்கும் அவசரத் தகவல் பலகையில் ஒரு நாலு இலக்க எண் உண்டு. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

1203 பெட்ரோல். 1075 சமையல் எரிவாயு. 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம். ஐ.நா. எண் என்பார்கள், உலகமெங்கும் இதேதான். விபத்தைப் பார்த்து 101க்கோ 112க்கோ கூப்பிடுபவர் "டேங்கர் கவிழ்ந்துடுச்சு" என்று மட்டும் சொன்னால், தீயணைப்பு வண்டி எதை ஏற்றிக்கொண்டு கிளம்பும்? எண்ணையும் சொன்னால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அதே பலகையில் இன்னொரு குறியீடும் இருக்கும். பெட்ரோலுக்கு 3ஒய்ஈ (3YE), எரிவாயுவுக்கு 2ஒய்ஈ (2YE). 3 என்றால் நுரை அடி. 2 என்றால் தண்ணீரைப் பூத்தூவலாக அடி. ஒய் என்றால் வெடிக்கலாம், மூச்சுக்கருவி மாட்டு, சாக்கடையில் இறங்க விடாதே. ஈ என்றால் சுற்றுப்புற மக்களை வெளியேற்ற யோசி. மோட்டார் வாகன விதிப்படி இந்தப் பலகை இரு பக்கமும் பின்னாலும் இருக்க வேண்டும். பொருளின் பெயர் 50 மி.மீ.க்குக் குறையாத உயரத்தில். ஆனால் சாலையில் பார்ப்பது என்ன? சேறு அப்பி, பெயின்ட் உரிந்து, அவசரத் தொலைபேசி எண்ணில் பாதி காணாமல் போனவை. கட்டணம் வாங்கும் சுங்கச்சாவடியில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

எரிவாயுதான் அதிகம் ஏமாற்றும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தங்கும். கண்ணுக்குத் தெரியும் வெண்புகை குளிரில் உறைந்த ஈரம்தான். வாயு அதையும் தாண்டிப் பரவியிருக்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், அதற்கு ஒரு பைக் ஸ்டார்ட்டர் போதும்.

2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயு டேங்கரின் உருளை லாரியிலிருந்து கழன்று விழுந்தது. கசிந்தும் உயிர்ச்சேதம் இல்லை: விடாமல் தண்ணீர் தூவினார்கள், அக்கம்பக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தூவல் வாயுவைக் கலைக்கும், உருளையைக் குளிரவைக்கும்.

இன்னொன்று, கேட்கவே விசித்திரமாக இருக்கும்: வால்வில் எரியும் தீயை, வால்வை மூட வழியில்லாமல் அணைக்கக் கூடாது. அணைத்தால் எரியாத வாயு சேர்ந்து வேறெங்கோ பற்றும். எரியவிட்டு உருளையைக் குளிரவைப்பார்கள். தீ படும் இடத்துக்கு உள்ளே திரவம் இல்லையென்றால் எஃகு இளகி உருளையே வெடிக்கும். அதனால் தீயைப் பார்த்ததும் வீடியோ எடுக்க நிற்காதீர்கள், காற்று வரும் திசைப் பக்கமாக விலகி ஓடுங்கள்.

கவிழ்ந்த டேங்கரில் குடத்தோடு பெட்ரோல் பிடிக்கப் போவது தனிப் பைத்தியக்காரத்தனம். 2017 ஜூனில் பாகிஸ்தானின் அகமதுபூர் கிழக்கில் இப்படித்தான் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

காலி டேங்கரும் காலி இல்லை. பெட்ரோல் இறக்கியபின் மிஞ்சும் ஆவிதான் எளிதில் வெடிக்கும், அதனால் சுத்தப்படுத்தும்வரை பலகையைக் கழற்றக் கூடாது. அமில டேங்கரும் அப்படியே. அடர் கந்தக அமிலம் சாதாரண எஃகை அவ்வளவாக அரிக்காது. தண்ணீர் சேர்ந்து நீர்த்தால் அரிக்கத் தொடங்கி ஹைட்ரஜனைக் கக்கும். அரைகுறையாகக் கழுவிய டேங்கரை வெல்டிங் பட்டறையில் விடும் முதலாளிகள் இதைத் தொழிலாளிக்குச் சொல்வதே இல்லை.