ஐபோன் 17-ஆ, எஸ்25-ஆ? களியக்காவிளைக்காரங்க முதல்ல சிம் தட்டைப் பாருங்க

ஐபோன் 17 கொள்ளாமா, சாம்சங் கேலக்ஸி எஸ்25 கொள்ளாமான்னு சென்னையிலயும் சண்டை நடக்கு, கொச்சியிலயும் நடக்கு. அங்கெல்லாம் கேமரா, சிப், விலைன்னு மூணு சுத்துல முடிஞ்சிடும். தமிழ்நாடு - கேரள எல்லையில இருக்கிற களியக்காவிளை, பளுகல், கொல்லங்கோடு பக்கத்து ஆளுங்களும் அதே மூணைப் பிடிச்சுத் தொங்குறதுதான் எனக்குப் புரியல. நம்ம ஊருல இந்த ரெண்டு போனையும் பிரிக்கிறது சிம் வைக்கிற தட்டு. மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

எல்லையோரத்துல ஒரே நம்பரோட காலம் தள்ளுற ஆளு குறைவு. மார்த்தாண்டத்துல இருக்கிற பேங்க் கணக்குக்கும் ஆதாருக்கும் ஒரு தமிழ்நாட்டு நம்பர். பாறசாலையிலயோ நெய்யாற்றின்கரையிலயோ வேலை, வியாபாரம் இருந்தா ஒரு கேரள நம்பர். இந்தியாவுல விக்கிற எஸ்25-ல ரெண்டு நானோ சிம் போடலாம், கூடவே இசிம்மும் (போனுக்குள்ளயே பதியுற, கையில எடுக்க முடியாத சிம்) உண்டு. ஒரே நேரத்துல எதாவது ரெண்டு ஓடும். ஐபோன் 17 இந்திய மாடல்ல நானோ சிம்முக்கு ஒரு இடம்தான். ரெண்டாவது நம்பரை இசிம்மா மாத்தியே ஆகணும்.

மாத்தினா என்ன கெட்டுப்போகுதுன்னு ஐபோன் கட்சி கேக்கும். மாத்துறது கஷ்டமில்ல. *#06# அடிச்சா இஐடின்னு (EID, இசிம்மோட அடையாளம்) 32 இலக்க எண்ணும், போனோட அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் வரும். சிம் கம்பெனியோட ஆப்பிலயோ கடையிலயோ இதை வச்சுக் கேட்டா வேலை முடியும். சிக்கல் அதுக்குப் பிறகு. சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பாங்க, மோசடியைத் தடுக்க வந்த விதி அது. அன்னைக்குப் பாத்து பேங்க் ஓடிபி வேணும்னா நடக்காது. அதனால பணம் கட்டுற தேதியில சிம் மாத்தாதீங்க. ரெண்டாவது, போன் கீழ விழுந்து டிஸ்ப்ளே செத்துப்போச்சுன்னு வைங்க. சாதா சிம்னா ஊசியை வச்சு தட்டை இழுத்து, வீட்டுல கிடக்குற பழைய பட்டன் போன்ல போட்டா ரெண்டு நிமிஷத்துல நம்பர் உயிரோட இருக்கும். இசிம் அந்தச் செத்த போனுக்குள்ளயே கிடக்கும். புதுசா வாங்கணும்னா சரிபார்ப்புக் குறியீடு வேணும், அந்தக் குறியீடு வர்றது அதே நம்பருக்குன்னா கடைக்கு நடக்க வேண்டியதுதான். பேங்க் நம்பர் சாதா சிம்மாவே இருக்கட்டும். வாட்ஸ்அப்புக்கும் நெட்டுக்கும் வச்சிருக்கிற நம்பரை இசிம் ஆக்குங்க. ஐபோன்தான் வேணும்னு நிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியல.

இனி வளைகுடா போன். லீவுக்கு வர்ற மச்சானோ சித்தப்பாவோ கொண்டுவர்ற பெட்டியாலதான் இஞ்ச பாதிப் பிரச்சினையே. சவூதி, யுஏஇ, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், இந்த ஆறு நாட்டுலயும் விக்கிற ஐபோன் 17-ல சிம் தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். (அமெரிக்காவுல 14-லேர்ந்தே அப்படி.) போனைத் திருப்பித் திருப்பி ஓட்டையைத் தேடிட்டு, டூப்ளிகேட் போனுன்னு கொண்டுவந்தவரைக் குறை சொல்லாதீங்க. அது அசல்தான். இங்கயும் ஓடும், ரெண்டு இசிம்மை ஒரே நேரத்துல ஓட்டும். ஆனா உங்க ரெண்டு நம்பரும் இசிம்மா மாறணும், மேல சொன்ன தலைவலி ரெண்டு மடங்கு. யுஏஇ-ல வாங்கின ஐபோன்ல ஃபேஸ்டைம் இல்லாம இருந்த கதையும் உண்டு, அதையும் சோதிச்சுப் பாத்துட்டு வாங்கிக்கோங்க. எந்த நாட்டுப் போன்னு தெரிய, அமைப்புகள்ல ‘பொது’ (General), அதுக்குள்ள ‘அறிமுகம்’ (About) போனா மாடல் எண் இருக்கும். முடிவுல சாய்கோட்டுக்கு முன்ன எச்என் (HN) எழுத்து இருந்தா இந்தியாவுக்கு வந்தது, எல்எல் (LL) இருந்தா அமெரிக்காவுக்கு.

சாம்சங்கும் இதுல சுத்தம் இல்ல. வெளிநாட்டுல வாங்கின போனுக்கு வாரண்டி பெரும்பாலும் வாங்கின நாட்டோட நின்னுடும். எல்லா அழைப்பையும் தானா பதிவு பண்ற வசதி இந்திய மாடல்ல உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். ரப்பர் ஷீட்டுக்கு போன்லயே விலை பேசி முடிக்கிறவங்களும் நில புரோக்கருங்களும் சாம்சங் வாங்குறதே இந்தப் பதிவுக்காகத்தான். வளைகுடா மாடலைக் கையில வச்சுட்டு அந்தத் தேர்வைத் தேடினா கிடைக்காமப் போகலாம். ஐபோன்லயும் அதோட மென்பொருள் ஐஓஎஸ் 18.1-லேர்ந்து பதிவு வந்தாச்சு, ஆனா பதிவு ஆகுதுன்னு எதிராளி காதுலயும் விழுற மாதிரி அறிவிச்சிட்டுத்தான் தொடங்கும். வியாபாரிக்கு அது எதுக்கு ஆகும்?

அடுத்து டவர் சண்டை. ‘ஐபோன்ல எல்லையில சிக்னல் நிக்காது, சாம்சங்ல நிக்கும்’ங்கிற பேச்சை நம்பாதீங்க. ரெண்டுலயும் டவரோட பேசுற மோடம் சிப் குவால்காம் கம்பெனி செஞ்சதுதான். நடக்குறது வேற. தமிழ்நாடு ஒரு தொலைத்தொடர்பு வட்டம், கேரளா இன்னொண்ணு. களியக்காவிளை சந்தையில நிக்கிற போனுக்கு ரெண்டு பக்கத்து டவரும் எட்டும். 1956 நவம்பர் 1-ல மாநில எல்லைக் கோடு போட்டாச்சு, டவருக்கு அது தெரியாது. இந்தப் பக்கம் சிக்னல் மெலிஞ்சா போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும், நாலு அடி நடந்தா மறுபடி இந்தப் பக்கம் வரும். டேட்டா ரோமிங்கை (வேற வட்டத்துலயும் நெட் ஓட விடுற அமைப்பு) அணைச்சு வச்சிருந்தா, அந்தப் பக்கத்து டவரைப் பிடிச்ச உடனே சில சிம்முல நெட் நின்னுடும். சிக்னல் கோடு நாலும் நிறைஞ்சு நிக்கும், வாட்ஸ்அப் மட்டும் சுத்தும். உடனே போனைக் குறை சொல்லுவோம். எஸ்25-ல அமைப்புகள், இணைப்புகள், மொபைல் நெட்வொர்க்குகள், அங்க டேட்டா ரோமிங்கைப் போட்டு விடுங்க. ஐபோன்ல மொபைல் சேவைக்குள்ள ஒவ்வொரு சிம்மையும் தனித்தனியா தொட்டுப் போடணும். ஒரு சிம்முக்குப் போட்டா ரெண்டாவதுக்கும் ஆயிடும்னு நினைச்சு ஏமாறாதீங்க.

நெட்வொர்க்கைக் கையால தேர்ந்தெடுத்து தமிழ்நாட்டு வட்டத்துலயே பூட்டி வைக்கிற வேலையும் நடக்கு. பூட்டினதை மறந்துட்டு பாறசாலை தாண்டிப் போனா ‘சேவை இல்லை’ன்னு நிக்கும், தேடித் தேடியே பேட்டரி கரையும். தானியங்கியிலயே விடுங்க. பேட்டரிக்கு உருப்படியா செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு: வீட்டுக்குள்ள 5ஜி ஒரு கோட்டுல ஆடிட்டு இருந்தா அந்த சிம்மை 4ஜிக்கு இறக்கி வைங்க. சிக்னல் மெலிஞ்ச இடத்துல போன் அதிக சக்தியில ஒலிபரப்பும், சூடாகுறதுக்கும் அதுதான் காரணம்.

விலை பத்தி அதிகம் பேச இல்ல. 256 ஜிபிக்கு ஐபோன் 17 வந்த விலை 82,900 ரூபாய், எஸ்25 வந்தது 80,999. 2020 ஏப்ரல்லேர்ந்து போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அதே, அந்தப் பக்கமும் அதே. பழைய வாட் வரிக் காலத்துக் கணக்கை வச்சுட்டு எல்லை தாண்டுறதுல லாபம் இல்ல. ஓணத்துக்கு அங்க கடைக்காரர் தர்ற தள்ளுபடிக்காகப் போகலாம், தீபாவளிக்கு அங்கேர்ந்து இங்க வரலாம், அவ்வளவுதான். எஸ்25 ஐபோனுக்கு எட்டு மாசம் முந்தி, 2025 ஜனவரியில வந்தது. அதனால வந்த விலையைக் கேட்டு வாங்காதீங்க, இறக்கிக் கேளுங்க. விக்கும்போது ஐபோனுக்குக் கூடுதலா கிடைக்கும்ங்கிறது உண்மை. ‘தமிழ்நாட்டுல செஞ்ச போனு’ன்னு ஒரு பெருமையும் ஐபோன் கட்சி பேசுது. சுங்குவார்சத்திரத்துல ஐபோன் செய்யறது சரிதான். சாம்சங் போன் நொய்டாவுல செய்யுது, ஸ்ரீபெரும்புதூர்ல அவங்க செய்யறது டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின். பெருமைக்காக 80 ஆயிரம் குடுக்குறதா இருந்தா குடுங்க, எனக்கு அதுல கருத்து இல்ல.

கேமராவுல எது கொள்ளாம்ங்கிறது எவ்வளவு தூரத்துல நிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துலேர்ந்து சாமி விக்கிரகங்கள் திருவனந்தபுரத்துக்குப் போகும்போது களியக்காவிளையில நிக்கிற கூட்டம் தெரியுமே. ரெண்டு மாநிலப் போலீசும் வரிசையா நிக்கும், கயிறு கட்டியிருப்பாங்க, கிட்ட போக முடியாது. எஸ்25-ல தூரத்துல உள்ளதைக் கிட்ட இழுக்குற 3 மடங்கு டெலிஃபோட்டோ லென்ஸ் தனியா இருக்கு, 10 மெகாபிக்சல். தலைகளுக்கு மேல விக்கிரகத்தை மட்டும் பிடிக்க அதுதான் வேணும். ஐபோன் 17-ல அந்த லென்ஸ் இல்ல. 48 மெகாபிக்சல் சென்சாரோட நடுப்பகுதியை வெட்டி எடுத்து 2 மடங்கு காட்டும், அது நல்லாவே இருக்கும், அதுக்கு மேல இழுத்தா பிசுறடிக்கும். ஆனா அதே ஊர்வலத்தை நடந்துகிட்டே வீடியோ எடுக்குறதுக்கு என் ஓட்டு ஐபோனுக்கு. ஆட்டத்தை அடக்குறதுலயும், லென்ஸ் மாறும்போது நிறம் துள்ளாம இருக்குறதுலயும் அது ஒரு படி மேல.

அந்த வீடியோவை கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது ஐபோன் பழிவாங்கும். 82,900 ரூபாய் போன்ல யுஎஸ்பி 2 வேகம்தான், நொடிக்கு 480 மெகாபிட். 4கே-யில நொடிக்கு 60 பிரேம் எடுத்தா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி, ஒரு மணி நேரக் கல்யாணம் 24 ஜிபி. வயர்ல இறக்க பத்து நிமிஷத்துக்குக் குறையாது. எஸ்25-ல யுஎஸ்பி 3, பல மடங்கு வேகம். ஆனா பெட்டியில வர்ற வயர்ல அந்த வேகம் வராது, யுஎஸ்பி 3 வயர் தனியா வாங்கணும்.

சார்ஜ் விஷயத்துல சாம்சங்கைத் திட்டாம இருக்க முடியல. 4000 எம்ஏஎச் பேட்டரிக்கு இன்னும் 25 வாட்தான். அதுவும் பிபிஎஸ்னு (PPS) எழுதின சார்ஜர் இருந்தாத்தான் அந்த 25, இல்லேன்னா மெதுவாத்தான் ஏறும். பழைய போனோட சார்ஜரைச் செருகிட்டு ‘ஏறவே மாட்டேங்குது’ன்னு சொல்றவங்க சார்ஜர் முதுகைப் படிச்சுப் பாக்கணும். ஐபோன் 17, 40 வாட் சார்ஜர்ல 20 நிமிஷத்துக்குப் பாதி ஏறும்னு ஆப்பிள் சொல்லுது. ரெண்டு பெட்டியிலயும் சார்ஜர் இல்ல, 2,000 ரூபாய் வாக்குல ஒதுக்கி வைங்க. ரெண்டுலயும் 80 சதவீதத்தோட நிறுத்துற வசதி இருக்கு. ராத்திரி முழுக்க செருகி வைக்கிறவங்க போட்டு விடுங்க, பேட்டரி ஆயுசு கூடும்.

குமரியில ரெண்டு பருவமழையும் உண்டு, கடலும் உண்டு. தண்ணியும் தூசியும் தாங்குற தரத்துல ரெண்டு போனும் ஐபி68 தான். அரை மணி நேரத்துக்கு ஐபோன் 6 மீட்டர், எஸ்25 1.5 மீட்டர்ங்கிற கணக்கு. சோதிச்சது நல்ல தண்ணியில. தேங்காய்ப்பட்டணத்துலயோ குளச்சல்லயோ உப்புத்தண்ணி பட்டா நல்ல தண்ணியில அலசி, சார்ஜ் ஓட்டை கீழ பாக்குற மாதிரி உள்ளங்கையில தட்டி, ஃபேனுக்கு முன்னால வைங்க. ஈரம்னு எச்சரிக்கை வந்தா அரை மணி நேரமாவது வயர் செருகக் கூடாது. மீறினா ஓட்டைக்குள்ள பின் அரிச்சுப்போகும். அரிசிக்குள்ள புதைக்கிறது வேண்டாம், பொடி உள்ள போகும். தண்ணி புகுந்த சேதம் ரெண்டு கம்பெனி வாரண்டியிலயும் வராது. வெளிக்கடையில ஒரு தடவை டிஸ்ப்ளே கழட்டி ஒட்டினா அந்த ஐபி68-ஐ மறந்துடுங்க.

பூட்டு திறக்குறதுல நம்ம ஊருக்குன்னு ஒரு கணக்கு. ரப்பர் பால் காஞ்ச விரலை எஸ்25-ஓட ஸ்கிரீன் அடியில உள்ள கைரேகை சென்சார் படிக்கத் திணறும். அதே விரலை ரெண்டு தடவை பதிஞ்சு வைங்க. ஐபோன் முகம் பாக்கும், இருட்டுலயும் பாக்கும், ஆனா முழு ஹெல்மெட் போட்டா திறக்காது. ஹெல்மெட்னு சொன்னதும் பைக் பத்தி ஒண்ணு: ஹேண்டில்பார்ல போனை இறுக்கி மாட்டி களியக்காவிளை - நாகர்கோவில் ரோட்டுல ஓட்டாதீங்க. இன்ஜின் அதிர்வுல கேமராவோட ஆட்டம் தடுக்குற பாகம் கெடும்னு ஆப்பிளே எச்சரிச்சிருக்கு, சாம்சங்கிலயும் அதே மாதிரிப் பாகம்தான். ரோட்டுப் பள்ளத்தைப் பத்தி அவங்களுக்குத் தெரியாது.

இ-சேவை மையத்துலயும், கேரளாவுல அதே வேலை பாக்குற அக்ஷயா மையத்துலயும் ‘படம் திறக்கல’ன்னு திருப்பி அனுப்புறது பெரும்பாலும் ஐபோன் படத்தைத்தான். கேமரா அமைப்புல ‘வடிவங்கள்’ (Formats) போய் ‘அதிகம் பொருந்துவது’ன்னு (Most Compatible) மாத்தினா, எல்லா கம்ப்யூட்டரும் திறக்குற ஜேபெக்கா எடுக்கும்.

ஆக, ரெண்டு சாதா சிம்மோட தினம் எல்லை தாண்டுறவங்க, கால் பதிவு வேணும்ங்கிறவங்க எஸ்25 வாங்குங்க. 7 வருஷம் ஆண்ட்ராய்டு புதுப்பிப்பு தர்றதா எழுத்துலயே சொல்லியிருக்கு. ஆப்பிள் அப்படி வருஷக் கணக்கு சொல்லி விக்கிறதில்ல, ஆனா 2018-ல வந்த ஐபோன் எக்ஸ்ஆர் 2024-ல ஐஓஎஸ் 18 வரைக்கும் வாங்கிச்சு, அதுவும் குறைவில்ல. வீடியோ எடுக்குறவங்க, ரெண்டு வருஷத்துல வித்துட்டு மாத்துறவங்க ஐபோன் 17 வாங்குங்க, இந்திய மாடலா.

செகண்ட் ஹேண்ட் எடுக்குறவங்க காசு குடுக்கும் முன்ன, ஆங்கிலத்துல கேஒய்எம்னு (KYM) அடிச்சு இடம் விட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. திருட்டுன்னு தடுத்து வச்ச போனா இருந்தா பதில்லயே தெரியும்.

கட்சி மாறுறவங்களுக்கு வாட்ஸ்அப் வழி: சாம்சங்லேர்ந்து ஐபோனுக்குப் போகணும்னா ஐபோன் புதுசாவோ முழுசா அழிச்சதாவோ இருக்கணும், ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப் வழியாத்தான் சாட் போகும். புது போனைத் தொடங்கிட்டு நாலு நாள் கழிச்சு ‘சாட் எங்க’ன்னு தேடினா, மறுபடி அழிச்சுட்டுத்தான் வரணும். ஐபோன்லேர்ந்து சாம்சங்குக்கு வர்றதும் தொடங்கும்போதே செய்ய வேண்டியது, ரெண்டு போனையும் வயர்ல கோர்த்து, ஸ்கிரீன்ல வர்ற கியூஆர் குறியீட்டை ஐபோன் கேமராவுல காட்டணும். நம்பர் ரெண்டுலயும் ஒண்ணாவே இருக்கணும். முடியுற வரைக்கும் பழைய போனை அழிக்காதீங்க.