கையா கோளைப் படம் பிடிக்கவில்லை

கும்பகோணத்து வானோக்கர் கூட்டத்துக்கான அறிவிப்பில், விண்மீன்களின் இருப்பிடத்தை அளந்த கையா விண்கலம் 'கையா-4 பி' என்னும் பெருங்கோளைப் படம் பிடித்ததாக நண்பர் எழுதியிருப்பது சரியன்று. மாணவர்களும் வருவதால் திருத்திவிடுவது நல்லது.

கையா பதிவு செய்தது கோளின் ஒளியையன்று, அதன் ஈர்ப்பால் தாய் விண்மீன் வானில் வரையும் மிகச் சிறிய வட்டத்தையே. 32 ஒளியாண்டு தொலைவிலிருந்து பார்த்தால், வியாழனால் நம் சூரியன் அலையும் அளவு ஏறத்தாழ 0.5 மில்லி வில்நொடி (பாகையில் 3,600இல் ஒரு பங்கு வில்நொடி; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி வில்நொடி); தஞ்சைப் பெரிய கோயிலிலிருந்து நோக்குகையில் நாகைக் கடற்கரையிலுள்ள ஒரு பொருள் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நகர்வதற்கு இது சமம்.

அலைவு தெரிந்ததுமே கோள் என முடிவுகட்டவும் இயலாது. கிட்டத்தட்ட ஒரே ஒளியளவுள்ள இரு விண்மீன்கள் நெருங்கிச் சுற்றினால், கையாவுக்கு அவை ஒரே புள்ளியாகத் தெரியும். அப்புள்ளியின் ஒளிமையமும் அதேபோல் சிறிதாகவே அசையும். (தொடக்கத்தில் கோள் என ஐயுற்றவற்றுள் பல இப்படித்தான் கழிந்தன.) ஆகவேதான் தரையிலுள்ள தொலைநோக்கிகளின் நிறமாலைமானிகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்து அளப்பவை) விண்மீனின் ஆரத்திசை வேகத்தை, அதாவது அது நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகத்தை, அளந்த பிறகே, வியாழனைப் போல் சுமார் 12 மடங்கு நிறையும் 571 நாள் சுற்றுக்காலமும் கொண்ட கையா-4 பி 2025இல் உறுதியானது.

கோளைக் கண்டறிய 'ஓராண்டுத் தரவே போதும்' என அறிவிப்பில் இருப்பதும் பொருந்தாது; அலைவு முழுதாய்த் தெரியக் கோள் ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும்: வியாழன் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 ஆண்டு எடுக்கிறது, கையா 2014 முதல் 2025 ஜனவரி வரை அளந்துகொண்டிருந்தது.